கடை முன்மேசையில் வைக்க அழகான லேப்டாப் வேண்டும். கணினி எனக்குப் புதிது

ஊசிநூல் (காரைக்குடி):

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஆரி வேலை செய்யும் பிளவுஸ் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. போனில் எனக்குத் தெரியாதது குறைவு. சூரத்திலிருந்து ஜரி வரவழைப்பதும், பணம் அனுப்புவதும், வாடிக்கையாளர்களிடம் அளவு கேட்பதும் எல்லாம் அதில்தான். கணினியை மட்டும் இதுவரை தள்ளியே வைத்திருந்தேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கடையில் ஆள் நடமாட்டம் குறையும். அந்த மாதத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிடலாம் என்று இருக்கிறேன். தை பிறந்துவிட்டால் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது.

எனக்கு அழகான லேப்டாப் வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் கேட்டாலும் இந்த இடத்தில்தான் சிரிக்கிறார்கள். “கற்றுக்கொள்ளத்தானே, ஏதாவது ஒன்று போதாதா?” என்கிறார்கள். ஆரி கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கு நான் துருப்பிடித்த ஊசியைக் கொடுப்பதில்லை. முதல் நாளே நல்ல ஊசி, இழுத்துக் கட்டிய ஸ்டாண்ட், வழுக்காத நூல். கை தடுமாறும்போது ஊசியும் சேர்ந்து தடுமாறினால் அந்தப் பெண் மறுநாள் வரமாட்டாள்.

என் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தவன் தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, “பழகுவதற்கு இது போதும் அம்மா” என்று வைத்துவிட்டுப் போனான். கல்லூரியில் படித்தபோது வாங்கியது. ஐ5, 6-ஆம் தலைமுறை என்று ஒட்டியிருக்கிறது. 4 ஜிபி என்றான். செங்கல் கனம். பாதி கிழிந்த கிரிக்கெட் ஸ்டிக்கர் ஒன்று மூடியில். கரண்ட் போனால் அதுவும் உடனே போய்விடும். எதையாவது அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னொரு முறை அழுத்துவேன், அப்போதும் ஒன்றும் நடக்காது. எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால், அழுத்தியதெல்லாம் வரிசையாகத் திறந்துகொண்டு நிற்கும்.

இனி என் தேவை. கல்யாணப் பெண்ணையும் அவள் அம்மாவையும் எதிரே உட்காரவைத்து டிசைன் காட்ட வேண்டும். இப்போது போனில்தான் காட்டுகிறேன். மூன்று தலைகள் ஒரு போனுக்குள் குனிகின்றன. ஆர்டர் நோட்டை எக்செல்லுக்கு மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் புடவைப் படத்தைப் பெரிதாக்கி, அதற்கு நூல் நிறம் பொருத்த வேண்டும். பில், ஜிஎஸ்டி. ஆடிட்டர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் செய்கிறார், என்னையும் அதையே கற்றுக்கொள்ளச் சொல்கிறார். இரண்டு வருடத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்று போடும் எண்ணமும் இருக்கிறது.

எட்டாயிரம் ரூபாய்க்குப் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் முன்னால் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திருப்பி வைத்தால், என் கை வேலையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கடைக்கு வெள்ளையடிக்கிறேன், கண்ணாடி மாட்டுகிறேன், பொம்மைக்குப் புடவை கட்டுகிறேன். மேசையில் இருப்பதும் கடைதான்.

65,000 ரூபாய் வைத்திருக்கிறேன். பொருள் நன்றாக இருந்தால் 75,000 வரை போவேன். பார்க்க ஆப்பிள்தான் மனதைப் பிடிக்கிறது. அது எனக்குச் சரிவருமா? என்ன அளவு, என்ன பார்த்து வாங்க வேண்டும்? தங்கநிறம், ரோஜாநிறம் என்று வருவதெல்லாம் நாளானால் உரியுமா? புரியும்படி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சும்மா ஒருவன்:

கணினியே தெரியாதவருக்கு 75,000 எதற்கு? 25,000-க்குப் புது லேப்டாப்பே கிடைக்கிறது. வெள்ளி நிறம், ஒல்லியாகவும் இருக்கும். முதலில் அதை வாங்கிப் பழகுங்கள். பிடித்துப்போனால் அப்புறம் பெரியதாக வாங்கலாம். அழகு, அழகு என்று காசைக் கரைக்காதீர்கள்.

திருகாணி (கோவை):

அக்கா, நான் காந்திபுரத்தில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். மேலே சொன்ன 25,000 ரூபாய் வெள்ளி லேப்டாப்புகள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. உள்ளே பெரும்பாலும் செலரான் என்ற மட்ட வகைச் சில்லு (சில்லுதான் லேப்டாப்பின் மூளை), 4 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவிடம்), 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. இஎம்எம்சி என்பது போர்டிலேயே ஒட்டிவரும் சேமிப்பு. மெதுவானது, கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸே பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் அப்டேட் இறங்கவும் இடமிருக்காது. உங்கள் மகனின் பழைய பெட்டி எப்படி நடந்துகொள்கிறதோ, அதையே புதுச் சட்டை போட்டுக்கொண்டு இது செய்யும்.

அந்தப் பழைய பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்தால் ஒரு வருட நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பைப் போட்டு ரேம் ஏற்றினால் பாட்டுக் கேட்க ஆகும். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் திறக்கிற மெஷினாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அழகு. அழகான லேப்டாப் முதலில் போகிற இடம் ஹிஞ்ச். மூடியும் உடம்பும் சேரும் கீல்தான். அதைத் தாங்கும் திருகுகள் சின்னப் பித்தளை நட்டுகளில் இறங்கியிருக்கும். அந்த நட்டுகள் பிளாஸ்டிக்கில் சூடாக அழுத்திப் பதிக்கப்பட்டவை. மூடியை ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால், அந்தப் பக்கத்து நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வரும். பிறகு மூடும்போதெல்லாம் ஓரம் வாயைப் பிளக்கும், திரைக்குப் போகும் வயரும் அறுபடும். ஒல்லியாகச் செய்ய வேண்டும் என்று பிளாஸ்டிக்கின் தடிமனைக் குறைத்தவற்றில் இது சீக்கிரம் நடக்கிறது. ஆகவே அழகு வேண்டுமென்றால் உலோக உடம்பாகப் பாருங்கள். மூடி மட்டும் அலுமினியம், அடிப்பகுதி பிளாஸ்டிக் என்றும் வரும்; கடைக்காரர் “மெட்டல் பாடி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கீபோர்டைச் சுற்றியுள்ள தகட்டையும் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள், உலோகம் கைக்குச் சில்லென்று இருக்கும். கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் விழக் கூடாது. மூடியை நடுவில் ஒரு விரலால் தூக்குங்கள். அடிப்பகுதி மேசையில் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நிறத்தைக் கேட்டீர்கள். அலுமினியத்தில் அனோடைஸ் செய்த நிறம், அதாவது மின்சாரம் செலுத்தி உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஏற்றிய நிறம், உரியாது, கீறினால்தான் தெரியும். பிளாஸ்டிக்கின் மேல் பெயின்ட் அடித்த தங்கநிறம் உள்ளங்கை படுகிற இடத்தில் முதலில் வெளுக்கும். அடர்ந்த நிறங்களில் விரல் ரேகை தெரியும். வெள்ளி, சாம்பல் இரண்டும் மறைத்துக்கொள்ளும்.

உங்கள் தொழிலுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தையல் கடை லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? ஃபேனுக்கும் செம்புக் குழாயின் முனையில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே, பஞ்சும் நூல் பிசிறும் சேர்ந்து பாய்போல் படிந்திருக்கும். ட்வீசரால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். காற்று போக வழியில்லாமல் மெஷின் கொதித்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான ஒல்லி லேப்டாப்புகள் காற்றை அடிவழியாகத்தான் இழுக்கின்றன. ஆகவே துணி மேல், மெத்தை மேல், வெட்டு மேசையில் விரித்த கம்பளி மேல் வைக்கவே கூடாது. ஓவர்லாக் மெஷின் இருக்கும் பக்கத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். டிசைன் டிரேஸ் செய்ய ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைப்பீர்கள் அல்லவா, அந்த வேலை நடக்கும் மேசைக்கு லேப்டாப் வரவே வேண்டாம். வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள்.

இந்தக் காரணத்துக்காகவே ஆப்பிள் மேக்புக் ஏர் உங்களுக்குப் பொருந்தும் என்றுதான் முதலில் நினைத்தேன். 2020-இல் ஆப்பிளின் எம்1 சில்லு வந்ததிலிருந்து அதில் ஃபேனே கிடையாது. பஞ்சு போய் அடைக்க வழியில்லை. எம்4 ஏர் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க விலை 99,900, அதுவே 16 ஜிபி ரேமுடன். எடை 1.24 கிலோ. அழகுக்கும் உழைப்புக்கும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டேலி பிரைம் விண்டோஸுக்கானது. எம்பிராய்டரி மெஷின் போட்டால் பலர் பயன்படுத்தும் வில்காம் மென்பொருளும் விண்டோஸுக்கானதுதான். சுற்றுவழிகள் உண்டு, கற்றுக்கொள்ளும் மாதத்தில் உங்களுக்குச் சுற்றுவழி எதற்கு? விண்டோஸே வாங்குங்கள்.

ரேம் 16 ஜிபி. ஒல்லி மாடல்களில் அது பெரும்பாலும் போர்டில் பற்றவைத்தே வருகிறது, பிறகு ஏற்ற முடியாது. 8 வாங்கிவிட்டு என்னிடம் வந்தால் நான் கையை விரிப்பேன். எஸ்எஸ்டி 512 ஜிபி. சில்லில் இன்டெல் ஐ5 12 அல்லது 13-ஆம் தலைமுறையோ, அதற்குப் பின் வந்த கோர் 5, கோர் அல்ட்ரா 5 வகையோ உங்கள் வேலைக்கு மிகுதி. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சில்லு என்றால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு. பத்து எண்தான் வித்தியாசம் போலத் தெரியும். முதலாவது நான்கு கோர் (சில்லுக்குள் வேலை செய்யும் பகுதிகள்), ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. இரண்டாவது ஆறு கோர், ஜென் 3. அந்த 7000 வரிசையில் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது எண். 2 என்றால் பழையது, 3 என்றால் அதற்கு அடுத்தது, 4 என்றால் அதைவிடப் புதியது. அட்டையில் கொட்டை எழுத்தில் “7000 சீரிஸ்” என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ரேம் சில்லுகளின் விலை இப்போது ஏறுமுகம். வாங்குவதென்று முடிவெடுத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஊசிநூல்:

தம்பி, மெத்த நன்றி. பஞ்சு விஷயம் என் தையல் மெஷினுக்கே நடப்பதுதான். பாபின் அறையை வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுகிறேன், லேப்டாப்புக்குள் போகும் என்று யோசிக்கவில்லை.

சும்மா ஒருவனுக்கு: முதலில் மட்டமானது, பிடித்தால் நல்லது என்கிறீர்கள். மட்டமானதைக் கொண்டு பழகினால் பிடிக்காமல் போகத்தான் வழி. அதன்பின் “அம்மாவுக்கு கம்ப்யூட்டர் வரவில்லை” என்று வீட்டில் பேச்சு முடிந்துவிடும். மேலும் என் காசு, நான் குனிந்து தைத்த காசு. கரைந்தால் கரையட்டும்.

திரையைப் பற்றி யாராவது சொல்லுங்கள். நூல் நிறம் பொருத்துவதுதான் எனக்கு முக்கியம்.

நிறமாலை (சென்னை):

அம்மா, நான் டெக்ஸ்டைல் டிசைன் படிக்கிறேன். திரையில் அரக்கு என்று நினைத்துப் பிரின்ட் கொடுத்தால், துணி வேறு நிறத்தில் வந்து நிற்கும் துறை எங்களுடையது. அதனால் இதற்கு நானே பதில் சொல்கிறேன்.

விவரத்தாளில் திரை என்ற இடத்தில் “45% என்டிஎஸ்சி” என்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்ற அளவு அது, 45 என்றால் குறைவு. 60,000 ரூபாய் லேப்டாப்பிலும் இந்தத் திரை வருகிறது. சிவப்பும் பச்சையும் அதில் சோகை பிடித்திருக்கும். அரக்கு பழுப்பாகும், மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடும். உங்களுக்கு வேண்டியது “100% எஸ்ஆர்ஜிபி” (படங்களுக்கான பொதுவான நிற அளவுகோல்) என்று போட்ட ஐபிஎஸ் வகைத் திரை, அல்லது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதத் திரைகள் விற்பார்கள். ஆன்லைனில் விமர்சனம் பார்த்துவிட்டுக் கடையில் வாங்கினால் வேறு திரை கைக்கு வரலாம். பெட்டியின் மேல் இருக்கும் முழு மாடல் எண்ணைப் படமெடுத்து, நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள்.

ஓஎல்இடி கண்ணைப் பறிக்கும். கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். ஜரி மின்னுவதும் அப்படியே தெரியும். இரண்டு சங்கடங்கள் உண்டு. அது பெரும்பாலும் பளபளப்புக் கண்ணாடியோடு வருகிறது. கடையில் டியூப்லைட், எதிரே தெரு என்றால் டிசைனுக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும். இரண்டாவது, அமைப்பை மாற்றாமல் விட்டால் நிறத்தைக் கூட்டிக் காட்டும். அதற்கென்று எஸ்ஆர்ஜிபி என்ற தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிட்டால் அடங்கிவிடும். ஒரே படம் நாள் முழுக்க அசையாமல் நின்றால் நாளடைவில் நிழல் படியும் என்பதும் உண்மை. கடையில் டிசைன் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிடுவீர்கள் என்றால் யோசியுங்கள்.

திரையின் வெளிச்சம் 300 நிட்ஸாவது (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், தெருவைப் பார்த்த கடை என்றால் 400. அளவு 14 அங்குலம் போதும் என்பேன். 15.6 அங்குலத்தில் வலப்பக்கம் எண்பலகை தனியாக வரும், கணக்கு எழுதுபவர்களுக்குச் சௌகரியம். ஆனால் மேசையை அடைக்கும், 14 அங்குலத்தின் ஒயில் அதற்கு வராது. 1920-க்கு 1200 புள்ளிகள் கொண்ட, உயரம் கூடிய திரையாகப் பாருங்கள்; பிளவுஸ் பின்பக்க டிசைன் முழுதாகத் தெரியும்.

முக்கியமானது இதுதான். கடைக்குப் போகும்போது நீங்கள் வேலை செய்த துணித்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். பகல் வெளிச்சத்தில் போனில் படமெடுத்து, அதே படத்தை ஒவ்வொரு லேப்டாப்பிலும் திறந்து, துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஷோரூமில் ஓடவிட்டிருக்கும் கிளியும் எரிமலையும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். பார்க்கும் முன் “நைட் லைட்” அணைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது எரிந்தால் எல்லாமே மஞ்சளடிக்கும்.

பென்ஷன்தாரர் (திருநெல்வேலி):

அம்மா, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகுதான் கணினி பழகினேன். இவர்கள் சொன்ன சில்லும் திரையும் எனக்கு விளங்காது. உட்கார்ந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அழுத்தினேன் என்று, எனக்கும் அதேதான் நடந்தது. இயந்திரம் மெதுவாக இருந்தால் பழகியவன் இயந்திரத்தைத் திட்டுவான். புதியவன் தன்னைத் திட்டிக்கொள்வான். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன், கையை மடியில் வைத்துக்கொண்டு எதையும் தொடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். வேகமான இயந்திரம் வந்த பிறகுதான் பயம் தெளிந்தது. ஆகவே நல்லதாகவே வாங்குங்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

முதல் நாள் திறக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்குக் கேட்கும். கடைப் பையன் தன்னுடையதைப் போட்டு முடித்துத் தருகிறேன் என்பான். விடாதீர்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் எண். கடவுச்சொல்லை ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதாமல், வீட்டில் பீரோவுக்குள் எழுதி வையுங்கள்.

எழுத்து சின்னதாக இருந்தால் கண்ணாடியை மாற்ற வேண்டாம். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதில் டெக்ஸ்ட் சைஸ். 225 சதவீதம் வரை பெரிதாக்கலாம். தொடுபலகையில் இரண்டு விரலால் தேய்த்தால் பக்கம் நகரும், இரண்டு விரலால் தட்டினால் வலது கிளிக். ஆரி ஊசி பிடிக்கிற விரலுக்கு இது பெரிய வித்தையல்ல. ஆனாலும் முதல் மாதம் ஒரு மவுஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் வாங்க வேண்டாம். விண்டோஸிலேயே தமிழ்99 என்ற விசைப்பலகை முறை இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கையில். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும், நடுவில் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையைப் பழகிவிட்டால் பிறகு மாற மனம் வராது, அதனால் தொடக்கத்திலேயே இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்து பில் கொடுத்துப் பாருங்கள், அவர்கள் முகமே மாறும்.

திருகாணி:

ஐயா கணக்கு விஷயத்தைச் சொன்னது நல்லதாயிற்று. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும், சேமிப்பு முழுவதையும் விண்டோஸ் தானாகப் பூட்டிக் குறியாக்கம் செய்துவிடுவது உண்டு. அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். ஏதாவது ரிப்பேர் வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும்போது, கணக்கு கடைப் பையனுடையது என்றால் உங்கள் ஆர்டர், பில், படம் எதுவும் திரும்பாது. கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களை நான் பார்க்கிறேன்.

ஊசிநூல்:

வாங்கியாகிவிட்டது! எந்த பிராண்ட் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இங்கே ஒரு சண்டை தொடங்கும். 14 அங்குலம், 16 ஜிபி, 512, ஐ5 13-ஆம் தலைமுறை, கீழும் மேலும் உலோகம். நிறம் கருநீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருக்கிறது. கடை ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டுக்கொண்டேன். விலை நான் வைத்த மேல் எல்லைக்குக் கொஞ்சம் உள்ளே.

மதுரைக்குப் போய்த்தான் பார்த்தேன். நிறமாலைப் பெண்ணே, நீ சொன்னபடி துணியோடு போனேன். மயில்கழுத்துப் பட்டில் அரக்கு நூலும் பழைய தங்க ஜரியும் போட்டுச் செய்த கைப்பகுதி, ஒரு மாதிரித் துண்டு. விற்பனைப் பையன் முதலில் ஏதோ தைக்கக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தான். படத்தைத் திறந்து துணியைப் பக்கத்தில் பிடித்ததும் அவனே வாய் திறக்கவில்லை. பார்க்க ஒரே மாதிரி இரண்டு லேப்டாப், விலையிலும் அதிக வித்தியாசமில்லை. ஒன்றில் பட்டு செத்துப்போய்க் கிடந்தது, மயில்கழுத்தில் அந்தப் பச்சை ஓட்டமே இல்லை. இன்னொன்றில் துணி எது, திரை எது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டியிருந்தது. விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதலாவதில் அந்த 45% என்டிஎஸ்சிதான். அவனுக்கே அது தெரியவில்லை, வேறு ஒருவரைக் கூப்பிட்டான்.

ஓஎல்இடியும் பார்த்தேன். அதில் ஜரி தெரிந்த அழகை விட்டுவிட்டு வர மனமே இல்லை. ஆனால் ஷோரூம் விளக்கு முழுவதும் அதில் தெரிந்தது, என் மூக்குத்தியும் தெரிந்தது. என் கடை தெருவைப் பார்த்தது. ஆகவே மங்கல் பூச்சுத் திரையே எடுத்தேன்.

ஒரு விரலால் தூக்கும் சோதனையையும் விடவில்லை, தம்பி. ரோஜாநிறத்தில் ஒன்று இருந்தது. அதைத்தான் வாங்குவேன் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு போயிருந்தேன். மூடியைத் தூக்கினால் மொத்த லேப்டாப்பும் கூடவே எழுந்து வந்தது. கீபோர்டு நடுவில் அழுத்தினால் குழி. தொட்டால் வெதுவெதுப்பு, சுத்தமான பிளாஸ்டிக். அப்படியே வைத்துவிட்டேன்.

பெரியவரே, கணக்கு என் பெயரில், என் எண்ணில். பையன் “நானே போட்டுத் தருகிறேன் ஆன்ட்டி” என்றான், நீங்கள் எழுதியிருந்த அதே சொல். தமிழ்99 இன்னும் விரலுக்கு வரவில்லை. ‘அம்மா’ வருகிறது, ‘கட்டணம்’ தடுக்குகிறது. எக்செல்லில் கட்டத்துக்குள் எழுத்து அடங்காமல் வெளியே ஓடுவதை நிறுத்தவும் தெரிந்துகொண்டேன்.

மகனுக்குப் படம் அனுப்பினேன். “என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதே” என்று பதில் போட்டான். மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருவேளை கேட்பான். கிடையாது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. கீபோர்டுக்குக் கீழே, கை வைக்கும் இடத்தில் விளம்பர ஸ்டிக்கர்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. அவ்வளவு அழகான உலோகத்தின் மேல் அது கண்ணை உறுத்துகிறது. எடுத்தால் வாரண்டி போய்விடும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

திருகாணி:

அந்த விளம்பர ஸ்டிக்கர்களுக்கும் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை அக்கா, தாராளமாக எடுங்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில விநாடி காட்டி, மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். கத்தி, பிளேடு வேண்டாம். பசை ஒட்டினால் மெல்லிய துணியில் இரண்டு சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுத் துடையுங்கள். நெயில் பாலிஷ் கழுவும் திரவம் மட்டும் வேண்டாம், அது கீபோர்டு பிளாஸ்டிக்கில் பட்டால் உருக்கிவிடும். அடிப்பக்கத்தில் சீரியல் எண் ஒட்டியிருக்கும், அதை எடுக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.